எழுந்து போனவரின் ஜன்னல்

அந்தக் கோப்பையின் பிடியைக் கொஞ்சம் உங்கள் வலக்கைப் பக்கம் திருப்பி வைக்கட்டுமா, இன்ஸ்பெக்டர்? ஒரு பொருள் அதன் இடத்தில் இல்லாவிட்டால் என் கை சும்மா இருக்காது.

மலாக்காவில் பழம்பொருள் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் என் கடை ஜன்னல் முன்னால் ஆட்கள் நின்றுவிடுவார்கள். மற்றவர்கள் பொருளை அடுக்குகிறார்கள். நான், ஓர் ஆள் இப்போதுதான் எழுந்து போன அறையை வைப்பேன். பாதி குடித்த கோப்பி, சற்றே விலகிய நாற்காலி, மடித்த செய்தித்தாள். பார்க்கிறவர்களுக்கு அந்த ஆள் மேல் ஆசை வரும். ஆள் கிடைக்கமாட்டார், நாற்காலியை வாங்கிப் போவார்கள்.

என் கணவர் பெங் சுவானுக்கு இது வேடிக்கை. "விக்கிறதவிட எடம் மாத்துறதுதான் ஒனக்கு வேல. ஒரு நாள் என்னையும் தூக்கி ஜன்னல்ல வெச்சுருவ, நியோ" என்பார்.

"ஒங்கள யாரு வாங்குவா?" என்பேன். சிரிப்போம். நல்ல மனிதர். கறியில் புளி கூடிப்போனாலும் தட்டைத் தள்ளியதில்லை.

அவர்தான் கடையை மொத்தமாக ஒரு சிங்கப்பூர் வியாபாரிக்கு விற்கப் பேசி முடித்தார். "முட்டி வலிக்குது நியோ. போதும். ஒக்காந்து சாப்புடுவோம்." எனக்கு உட்காரத் தெரியாது. சொன்னேன். அவர் கேட்கவில்லை.

கடைசியாக ஒரு ஜன்னல் வைக்கலாம் என்று தோன்றியது. நீலவெள்ளைப் பீங்கான்களை இறக்கினேன். மலாக்காச் சீனர்களான எங்கள் பாபா நோன்யா வீடுகளில் கல்யாண விருந்துக்கு ரோஜா நிறப் பீங்கான், நீலவெள்ளை துக்கத்துக்கு. ஜன்னலில் தொங்கிய கறுப்புக் கெபாயாச் சட்டையில் தங்க ஊசிகளைக் கழற்றிவிட்டு, துக்கத்துக்கான வெள்ளி ஊசிகளைக் குத்தினேன்.

எதிர்வீட்டுப் பெரியம்மா லியான் பீபிக் பார்த்துவிட்டு நின்றார். "ஐயோ நியோ, யாருடி போய்ட்டா?"

"இன்னும் யாருமில்ல, பீபிக்."

"வாயக் கழுவுடி."

உங்களிடமும் இதைத்தான் சொல்லியிருக்கிறார். சரியாகவே சொல்லியிருக்கிறார்.

அவர் போனபின் ஜன்னலையே சுற்றிச் சுற்றி வந்தேன். கிண்ணத்தை நகர்த்தினேன், நாற்காலியைத் திருப்பினேன், மறுபடி திருப்பினேன். எதுவும் ஒட்டவில்லை. பிறகுதான் புரிந்தது. துக்கத்துக்கு வேண்டிய எல்லாம் இருந்தது, செத்தவர்தான் இல்லை.

மறுநாள் என் கணவர் வியாபாரிக்காக மாடியிலிருந்து பெட்டிகளை இறக்கினார். எங்கள் படிக்கட்டு செங்குத்து. பெட்டியை நெஞ்சோடு அணைத்து வருகிறவருக்குத் தன் கால் தெரியாது. ஜன்னலில் இருந்த சிறு முக்காலியை எடுத்து மேல்படியில் வைத்தேன். வாழ்நாளெல்லாம் செய்ததைத்தான் அன்றும் செய்தேன். ஒரு பொருளை இடம் மாற்றினேன். அதற்கு முன்பே அந்தப் பெட்டியிலிருந்த நல்ல கிண்ணங்களை எடுத்துவிட்டு, விளிம்பு உடைந்தவற்றை வைத்திருந்தேன்.

கீழே கிடந்து "நியோ" என்று கூப்பிட்டார். கொஞ்ச நேரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அவருடைய மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். கீறல் விழாமல் கிடைத்தது.

இப்போது அது ஜன்னலில், செய்தித்தாள் மேல் இருக்கிறது. எல்லாம் ஒட்டிவிட்டது. ஆமாம், நான்தான் அவரைக் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். கடைக்கு முத்திரை வைக்கப் போகிறவர்களிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். அந்த மூக்குக்கண்ணாடியை நகர்த்த வேண்டாம். திரும்பி வந்ததும் அவர் முதலில் அதைத்தான் தேடுவார்.