ஸ்பேர் மெஷின்

விடிவதற்கு முன், ஐந்தே கால் மணி. தை மாதப் பனி. ஊரிலிருந்து டவுன்ஷிப்புக்குப் போகும் ரோட்டில் அந்நேரத்துக்கு ஈ காக்கை இருக்காது. ஒரு பக்கம் முந்திரிக்காடு. மறுபக்கம் சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய மண்மேடு, மலை மாதிரி. ஊரில் கரண்ட் இல்லை. எதிரே டவுன்ஷிப் மட்டும் பனிக்குள் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. அந்த ரோட்டில் ஒரு சைக்கிள் போனது... டைனமோ விளக்கு மினுக்கி மினுக்கி.

கதையை அப்படித்தான் ஆரம்பித்தேன். இரண்டாயிரத்துப் பதினான்கு, மறுநாள் டைப்ரைட்டிங் பரீட்சை. எங்கள் இன்ஸ்டிட்யூட்டில் ஒரு வழக்கம் உண்டு. பரீட்சை நடக்கும் கடலூருக்கு நம் மெஷினை நாமே கொண்டுபோக வேண்டும். அதனால் முந்தைய இரவு எல்லாரும் மாடியில் கூடி, தரையில் பேப்பர் விரித்து உட்கார்ந்து, மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்து எழுத்துகளைத் தேய்ப்போம். புது ரிப்பன் மாட்டுவோம். பிறகு துணியில் கட்டி, மினி லாரிக்குக் காத்திருப்போம். அன்று லாரி நேரத்துக்கு வரவில்லை. குள்ளஞ்சாவடியில் பஞ்சர் என்று போன் வந்தது.

புதிதாகச் சேர்ந்திருந்த தனகோட்டிதான் ஆரம்பித்தாள். "யக்கா, தூக்கம் வருது. பேய்க் கதை எதுனா இருந்தா சொல்லு. நீ மூஞ்சிய உம்முனு வச்சிக்கினு சொன்னா பொய்கூட நெசம் மாதிரி இருக்கும்."

"தெரிஞ்ச ஒரு பொண்ணோட தம்பிக்கு நடந்தது" என்றேன். எல்லாரும் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

அவர்களிடம் அப்படிச் சொன்னேன். இங்கே அது தேவையில்லை. அந்தப் பெண் நான்தான். அதற்கு முந்தின வருஷம் அந்தச் சைக்கிளில் போனவன் என் தம்பி சிலம்பரசன்.

அவன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தான். கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் பழுப்பு நிலக்கரியை வாரிப் போடுவது. அம்மா டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்களில் பாத்திரம் தேய்த்தாள். அப்பா இல்லை. எங்கள் இருவரில் ஒருவராவது கிளார்க் வேலைக்குப் போய்விட வேண்டும் என்பதுதான் வீட்டில் பேச்சு. எழுத்துத் தேர்வுக்குப் படித்துவிடலாம். டைப்பிங் சர்ட்டிபிகேட் இல்லாமல் கிளார்க்-டைப்பிஸ்ட் வேலைக்கு விண்ணப்பமே போட முடியாது. இங்கிலீஷை இருவரும் முடித்துவிட்டோம். தமிழில் முதல் நிலையான லோயரே பாக்கி. அவன் இரண்டு முறை தவறியிருந்தான்.

இருவருக்கும் ஒரே மெஷின், ஒன்பதாம் நம்பர். ஆறு மணி பேட்ச் அவன், ஏழு மணி பேட்ச் நான். அவன் சைக்கிளில் ரோடு வழியாகப் போவான், நான் முந்திரிக்காட்டுக் குறுக்குப்பாதையில் நடந்து போவேன். அவன் எழுந்த ஸ்டூலில் நான் உட்காருவேன். சூடாக இருக்கும். ஸ்பேஸ் பாரில் அவன் கட்டைவிரல் பட்ட இடம் பழுப்பாக இருக்கும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அவன் நகத்திலிருந்து அந்தக் கரி போகாது. திட்டிக்கொண்டே துடைப்பேன்.

அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். வரி முடிந்து மணி அடித்ததும், தாள் சுற்றிய வண்டியைத் தள்ளுவதற்கு முன் ஸ்பேஸ் பாரை இரண்டு தட்டுத் தட்டுவான். டிங்... டொக், டொக். ஒவ்வொரு வரிக்கும். மாஸ்டர் சோமசுந்தரம் தலையில் அடித்துக்கொள்வார். "டேய், அது என்ன மாட்டுக்கழுத்தா, தடவிக் குடுத்துக்கிட்டே இருக்க? அந்த ரெண்டு தட்டுலதான்டா ஃபெயில் ஆவுற."

"அது இல்லாட்டி கை ஓடல சார். பாஸ் பண்ணிட்டு வுட்டுடறேன்" என்பான்.

பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது. அன்று ஏழு மணிக்கு நான் மாடிப்படி ஏறும்போதே கேட்டது. டிங்... டொக், டொக். இன்னும் அவன் எழுந்திருக்கவில்லை என்று நினைத்தேன். உள்ளே போனால் ஒன்பதாம் நம்பரில் ஆளில்லை. தாள் பாதி அடித்தபடி மெஷினிலேயே இருந்தது. டீ குடிக்கப் போயிருப்பான். தாளை உருவிப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஸ்டூல் சூடாக இருந்தது. பாரைத் துடைத்தேன். ஒரு மணி நேரம் அடித்தேன்.

எட்டு மணிக்கு மாஸ்டர் அட்டெண்டன்ஸ் நோட்டோடு என்னிடம் வந்து கேட்டார். "எங்கம்மா உன் தம்பி? பரீட்சைய வச்சிக்கிட்டு இன்னிக்கு லீவு போட்டுட்டானே."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கீழேயிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

மண்மேட்டு வளைவில்... பனியில் லாரிக்காரனுக்குச் சைக்கிள் தெரியவில்லையாம். ஐந்தரை மணிக்கே போய்விட்டான். நான் போனபோது முகத்தை மூடியிருந்தார்கள். வலது கை மட்டும் வெளியே இருந்தது.

அதன் பிறகு ஒன்பதாம் நம்பரில் யாரும் உட்காரவில்லை. நானும் நான்காம் நம்பருக்கு மாறினேன். நல்ல மெஷின், ஓரமாகக் கிடந்தது. பரீட்சைக்கு எந்த இன்ஸ்டிட்யூட்டும் ஒரு ஸ்பேர் மெஷின் கொண்டுபோகும். மாஸ்டர் அதை ஸ்பேராக ஏற்றினார். முந்தின ராத்திரி நான்தான் அதைத் துடைத்துக் கட்டினேன்.

கடலூர் ஹாலில் நூறு மெஷின் இருக்கும். பரீட்சைக்கு முன் கை பழக அடித்துப் பார்த்தபோது நான்காம் நம்பரின் வண்டியை இழுக்கும் வார் அறுந்தது. கையைத் தூக்கினேன். மெக்கானிக் ஓடிவந்து பார்த்தார். "இது இப்ப ஆவாதும்மா. உங்க ஸ்பேர் எது?"

ஒன்பதாம் நம்பரைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

டைப்பிங்கில் முதல் பாடமே கண்ணை வினாத்தாளிலிருந்து எடுக்கக் கூடாது என்பது. எழுத்துக் கட்டையையும் பார்க்கக் கூடாது, அடிக்கும் தாளையும் பார்க்கக் கூடாது. பார்த்தால் வேகம் போய்விடும். தாளின் மேலே என் பதிவு எண்ணை அடித்தேன். கண் வினாத்தாளில். மணி அடித்தது. நூறு மெஷினும் ஒரே நேரத்தில்... தகரக் கொட்டகை மேல் மழை மாதிரி.

முதல் வரி முடிந்தது. டிங்.

பார் இறங்கியது. டொக், டொக்.

என் கட்டைவிரல் அதில் படவே இல்லை.

ஈர நிலக்கரி வாசனை வந்தது. ஷிப்ட் முடிந்து வந்து அவன் சட்டையைக் கழற்றிப் போட்டதும் வீட்டில் அடிக்குமே, அது. நிறுத்த நினைத்தேன். விரல் நிற்கவில்லை. அவ்வளவு வேகம் எனக்கு எந்த நாளும் வந்ததில்லை. குனிந்து பார்க்கத் தைரியமில்லை. பத்து நிமிடமும் வரிக்கு வரி டொக், டொக் என்று கேட்டபடியே இருந்தது.

நிறுத்தும் மணி அடித்ததும் தாளை உருவினேன். ஒரு பிழை இல்லை. மேலே இருந்த எண் என்னுடையது இல்லை. அவனுடையது. பரீட்சைக்கு இருவருக்கும் ஒன்றாகப் பணம் கட்டியிருந்தோம். இருவர் ஹால் டிக்கெட்டும் ஒரே உறையில் வந்திருந்தன. அந்த எண்ணை எனக்கு நன்றாகத் தெரியும்.

மேற்பார்வை செய்த மேடம் இரண்டு வரிசைக்கு அப்பால் தாள் வாங்கிக்கொண்டு வந்தார். பேனா என்னிடம் இருந்தது. அந்த எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டு என் எண்ணை எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்? எழுதினால் எனக்கு சர்ட்டிபிகேட். வரப்போகும் கிளார்க் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். அம்மா பாத்திரம் தேய்க்க வேண்டாம். பேனா மூடியைத் திறந்தேன். தாளின் ஓரத்தில், பிடித்து உருவும் இடத்தில், பழுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை...

அப்படியே கொடுத்துவிட்டேன். அவர் மேலே இருந்த எண்ணைப் பார்க்கவில்லை. தாள்கட்டோடு சேர்த்துக்கொண்டு போய்விட்டார்.

முடிவு வந்தது. நான் ஆப்சென்ட். சிலம்பரசன் பாஸ், முதல் வகுப்பு.

யார் யாரோ கேட்டார்கள். மாஸ்டர் கேட்கவில்லை. அம்மா சர்ட்டிபிகேட்டை அவன் போட்டோவுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டினாள். "எம்புள்ள பாஸ் ஆயிட்டான்" என்று தெருவெல்லாம் சொன்னாள். அந்த வருஷ கிளார்க் தேர்வு என்னை விட்டுப் போனது. ஆகஸ்டில் வேறு மெஷினில், கண்ணை என் தாளிலேயே வைத்துக்கொண்டு மெதுவாக அடித்து, எப்படியோ லோயர் முடித்தேன். அதை வைத்து விண்ணப்பிக்கலாம், ஆனால் அடுத்த நிலையான ஹையர் இருப்பவர்களுக்குத்தான் முதலில் வேலை.

கதையை அங்கே நிறுத்தினேன். மண்ணெண்ணெய் வாசனை மட்டும்.

"அவ்ளோதானா யக்கா?" என்றாள் தனகோட்டி. அவள் மடியில் ஒரு மெஷின் இருந்தது. ஸ்பேஸ் பாரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இன்னா எழவு மெஷின் இது? மூணு துணி மாத்திட்டேன். தொடைக்கத் தொடைக்கப் பழுப்பா வந்துக்கினே இருக்குது."

மாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். அவள் கையிலிருந்த துணியை வாங்கினார். "விடும்மா. அது ஸ்பேர்" என்றார்.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஹால் டிக்கெட்டைக் கொடுத்தார். ஒன்று இல்லை, இரண்டு. தமிழ் ஹையர், என் பெயரில். தமிழ் ஹையர், சிலம்பரசன் பெயரில்.

"உங்கம்மா வந்து பணம் கட்டுனாங்க" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "அழுதுகிட்டே நீட்டுறாங்க. எப்படிம்மா வேணாம்னு சொல்றது?"

வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மா தூங்கவில்லை.

"ஏம்மா இப்பிடி செஞ்ச? ஹையர் இல்லாட்டி எனக்கு வேல எப்பிடிம்மா கெடைக்கும்?"

சமாதானம் சொல்கிற குரலில் சொன்னாள்.

"லோயர் முடிச்சிட்டான். ஹையரும் முடிச்சிட்டான்னா அவனுக்குத்தான்டி மொதல்ல வேல. நீ ஒண்ணும் பண்ண வேணாம் கண்ணு. போயி குந்து. கைய மட்டும் குடு."

கீழே லாரி ஹார்ன் அடித்தது. பெண்கள் ஆளுக்கொரு மெஷினைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். ஸ்பேரை எடுக்க யாரும் வரவில்லை. நான் குனிந்தேன். செல்போன் வெளிச்சம் காட்டிக்கொண்டு நின்ற தனகோட்டி சட்டென்று என் வலது கையைப் பிடித்தாள்.

"யக்கா... நீ மைன்ஸ்ல வேல பாத்தியா?"

"இல்லியே."

அவள் என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நகத்துக்குள் பழுப்பாகக் கரி.