வரிசைக்கு ஐந்து பேர்

ஓக்பூன்: என்னங்க, கண்ணைத் தொறங்க. பாலம் வந்தாச்சு.

தால்சு: தொறந்துதான் இருக்கு.

ஓக்பூன்: எங்க தொறந்திருக்கு? தோங்யோங்ல பஸ் ஏறினதுல இருந்து இறுக்க மூடிக்கிட்டு வர்றீங்க. கோஜே தீவுக்கு இந்தப் பாலம் போட்டு முப்பத்தொரு வருஷம் ஆச்சு. இந்தக் கரையில குடியிருந்துக்கிட்டு ஒரு தடவைகூட அந்தக் கரைக்குப் போகாத ஒரே ஆம்பளை ஊருக்குள்ள நீங்கதான்.

தால்சு: அங்க எனக்கு என்ன வேலை? ரிப்பேருக்குப் படகு இஞ்சின் எல்லாம் நம்ம கடைக்குத்தானே வருது.

ஓக்பூன்: பேச்சுல மட்டும் குறைச்சல் இல்ல.

தால்சு: அந்தப் பை எதுக்கு இவ்வளவு பெருசு? குடு, நான் தூக்கிக்கிறேன்.

ஓக்பூன்: தொடாதீங்க. சோத்துச் சுருள், காரக் கணவாய்... கவுந்துரும்.

தால்சு: ரெண்டு பேருக்கா, இல்ல ரெண்டு படகு ஆளுங்களுக்கா?

ஓக்பூன்: பேச்சை மாத்தாதீங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள நான் ஒரு இடத்துக்கு போன் பண்ணியாகணும். அதுக்குள்ள உங்க வாயால எனக்கு ஒரு பதில் வேணும்.

தால்சு: கேளு, இப்பவே சொல்றேன்.

ஓக்பூன்: இப்ப கேட்டா பொய் சொல்லுவீங்க. கைதி முகாமைப் பாத்துட்டுச் சொல்லுங்க.

தால்சு: பூங்கான்னுதானே கூட்டிட்டு வந்த?

ஓக்பூன்: பூங்காதான். முகாம் இருந்த இடத்துல கட்டின பூங்கா. நாடு வடக்கு, தெற்குன்னு அடிச்சுக்கிட்ட சண்டையில பிடிச்ச வடக்குச் சிப்பாய்ங்களை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல அடைச்சு வச்சிருந்தாங்களாம். மகளிர் சங்கத்துல எல்லாரும் பாத்துட்டாங்க. நான்தான் பாக்கி.

தால்சு: அவங்களோடயே போயிருக்கலாமே.

ஓக்பூன்: புருஷன் இருக்கறப்ப அடுத்தவ கூட எதுக்குப் போகணும்? ...என்னங்க, இப்படி வேர்க்குது உங்களுக்கு.

தால்சு: பஸ்ல காத்து வரல.

ஓக்பூன்: இந்த வெயில்ல முழுக்கைச் சட்டை போட்டா வேறென்ன ஆகும்? கல்யாணமாகி நாப்பத்தெட்டு வருஷத்துல நீங்க அரைக்கை போட்டு நான் பாத்ததில்ல.

*

ஓக்பூன்: மெதுவாங்க, மெதுவா. வரமாட்டேன்னு அடம் பிடிச்ச ஆளா இது? டிக்கெட் கிழிச்சவன் கையை இன்னும் கீழ இறக்கல, அதுக்குள்ள எங்க ஓடுறீங்க?

தால்சு: அதோ பாரு, கூடாரம். வா, வா. அதுக்குப் பின்னாடி சமையல் கொட்டகை இருக்கும் பாரு.

ஓக்பூன்: ...ஆமா, இருக்கே.

தால்சு: அடுப்பை மாத்தி வச்சுட்டானுங்க. கடல் காத்து இப்படித்தானே அடிக்கும்? இங்க அடுப்பை வச்சா புகை முழுக்க கூடாரத்துக்குள்ள போயிடும். அந்தக் கோடியில இருக்கணும்.

ஓக்பூன்: இருக்கணுமா, இருந்துச்சா?

தால்சு: இருக்கணும். பொது அறிவு.

ஓக்பூன்: ஓ. சரி, இங்க வாங்க. படம் எடுக்க ஒரு பலகை வச்சிருக்காங்க. கைதி உடம்பு வரைஞ்சு முகத்துக்கு ஓட்டை விட்டிருக்கு. மூஞ்சியை விட்டு நில்லுங்க, ஒரு படம் எடுக்கறேன்.

தால்சு: சின்னப் புள்ளைங்க விளையாட்டு அது.

ஓக்பூன்: அதான் சொல்றேன். நீங்க கைதி, நான் காவக்காரி. பொருத்தமாத்தானே இருக்கும்?

தால்சு: வேணாம்.

ஓக்பூன்: ஒரே ஒரு...

தால்சு: வேணாம்னா விடேன் ஓக்பூன்.

ஓக்பூன்: சரி, விட்டாச்சு. இங்க ரெண்டு பொம்மைங்க மூங்கில்ல பீப்பாயைக் கட்டித் தூக்கிட்டுப் போகுதே, தண்ணியா?

தால்சு: தண்ணியாவது. கக்கூஸ் பீப்பாய். தினம் காலையில கடல்ல கொண்டு போய்க் கொட்டணும். இந்த ரெண்டு மடையனும் ஒரே காலை எடுத்து வைக்கிறான் பாரு. தளும்பித் தளும்பி பின்னாடி வர்றவன் மேலதான் ஊத்தும். முன்னாடி போறவன் இடது கால் வச்சா இவன் வலது கால் வைக்கணும். முதல் நாளே பிடரியில ரெண்டு போட்டுச் சொல்லிக் குடுத்துருவான்...

ஓக்பூன்: யாரு?

தால்சு: யாரோ. அந்தக் காலத்து ஆளுங்க.

ஓக்பூன்: இதுவும் பொது அறிவா?

தால்சு: டிவியில பாத்தேன்.

ஓக்பூன்: நம்ம வீட்டு டிவியிலயா? அதுல மல்யுத்தத்தைத் தவிர வேறெதையும் நீங்க பாத்ததும் இல்ல, என்னைப் பாக்க விட்டதும் இல்ல.

தால்சு: உனக்கு எல்லாத்துக்கும் ஒரு குறுக்குக் கேள்வி. அடுத்தது என்ன?

ஓக்பூன்: போட்டோ. வடக்குக்குத் திரும்பிப் போகமாட்டோம்னு கையில பச்சை குத்திக்கிட்டவங்களாம். தானா குத்திக்கிட்டவங்க சிலர், பிடிச்சு அமுக்கிக் குத்திவிட்டது சிலருக்குன்னு எழுதியிருக்கு. பாவம், வெளியில வந்த பிறகு இந்தக் கையை வச்சுக்கிட்டு என்ன பண்ணியிருப்பாங்க?

தால்சு: சுட்டுக்குவாங்க.

ஓக்பூன்: என்னது?

தால்சு: இரும்பைக் காய வச்சு... எனக்கென்ன தெரியும். வா, வெயில் ஏறுது.

ஓக்பூன்: உங்க கையில இருக்கிற தழும்பு எதுல பட்டதுன்னு சொன்னீங்க? மறந்துட்டேன்.

தால்சு: இஞ்சின் புகைக்குழாய். கல்யாணத்தப்பவே சொன்னேனே.

ஓக்பூன்: ஆமா, சொன்னீங்க. கல்யாணத்தப்ப உங்களுக்கு இஞ்சினுக்குத் தலை எது வால் எதுன்னே தெரியாது. எங்கப்பாகிட்டதான் கத்துக்கிட்டீங்க.

தால்சு: ...பசிக்குதா உனக்கு? உக்காந்து சாப்பிடலாமா? பையைத் தொற.

ஓக்பூன்: பை அப்புறம்.

ஒலிபெருக்கி: எல்லோரும் வெளியே வா. வரிசைக்கு ஐந்து பேர். உட்கார். எண்ணு.

ஓக்பூன்: பயப்படாதீங்க, அந்தக் காலத்துல தலை எண்ணுற மாதிரி பேசிப் பதிவு பண்ணிப் போடுறாங்க. மணிக்கு ஒரு தடவை வருமாம்... என்னங்க? என்னங்க, எங்க போயிட்டீங்க? ஏன் தரையில குந்திட்டீங்க? கையை எதுக்குப் பிடரியில கோத்துக்கிட்டு...

தால்சு: ஷூ நாடா... அவுந்துருச்சு.

ஓக்பூன்: உங்க ஷூவுல நாடாவே கிடையாது. எந்திரிங்க. என் தோளைப் பிடிங்க. எண்ணுறதுக்கு யாரும் வரமாட்டாங்க. இங்க நான் ஒருத்திதான் நிக்கிறேன்.

தால்சு: முட்டி தானா மடங்கிருச்சு ஓக்பூன். நான் மடக்கல.

ஓக்பூன்: தெரியும்.

தால்சு: என்ன தெரியும்?

ஓக்பூன்: நீங்க சொல்லுங்க. அஞ்சு மணிக்குள்ள வேணும்னேனே, அந்தக் கேள்வியை இப்ப கேக்கறேன். உங்களுக்கு எந்த ஊரு?

தால்சு: காங்னுங்.

ஓக்பூன்: அது தெற்குல இருக்கிற ஊரு. இங்க நின்னுக்கிட்டு, அந்தக் கூடாரத்தைப் பாத்துக்கிட்டுச் சொல்லுங்க.

தால்சு: ...ஹோங்வோன்.

ஓக்பூன்: காதுல விழல.

தால்சு: ஹோங்வோன். வடக்கே, ஹம்கியோங் கடற்கரை. போதுமா? அதோ, அந்த மேட்டுக்குக் கீழதான் எங்க கூடாரம். ஒன்றரை வருஷம் இங்கதான் கிடந்தேன்.

ஓக்பூன்: அப்பாடா. நாப்பத்தெட்டு வருஷம்ங்க. ஒரு ஊர்ப் பேரைச் சொல்றதுக்கு.

தால்சு: ஏய், அந்தப் பைன் மரத்தைப் பாரேன். அப்ப அது என் இடுப்பளவு இருந்துச்சு. பக்கத்துப் படுக்கைக்காரன் சட்டையை அதுலதான் காயப் போடுவான். இன்னும் நிக்குது ஓக்பூன். எவனும் வெட்டல. வா, வா, கிட்டப் போய்ப் பாப்போம். இந்த இடத்துலதான் சொக்கட்டான் ஆடுவோம், கட்டையில செதுக்கின காய் வச்சு. நான்தான் செதுக்கினேன். என்னை எவனும் ஜெயிச்சதில்ல.

ஓக்பூன்: வாயைத் தொறந்த ஒரு நிமிஷத்துல பெருமை ஆரம்பிச்சாச்சு.

தால்சு: இரு... உனக்கு எப்பத்துல இருந்து தெரியும்?

ஓக்பூன்: சின்னவனுக்கு அம்மை போட்டுச்சே, அந்த வருஷம். ஸ்பேனர் தேடி உங்க டூல் பெட்டியைக் கவுத்தேன். அடித்தட்டுல கைதிச் சீட்டு. பேர், நம்பர், ஊர் எல்லாம் இருந்துச்சு. அதுக்கு முன்னாடியே சந்தேகம்தான். தினைச் சோத்துல ஊற வச்ச நாக்கு மீனை நம்ம பக்கம் எவன் தின்பான்? உங்க பிறந்தநாளுக்கு வருஷா வருஷம் செஞ்சு வைக்கிறேனே, எங்க கத்துக்கிட்டேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?

தால்சு: நான் கேட்டா நீ திருப்பிக் கேப்பியோன்னு பயம்.

ஓக்பூன்: மீன் சந்தையில ஒரு வடக்கத்திப் பொம்பளைகிட்ட கத்துக்கிட்டேன். உங்களுக்காக அவகிட்ட ஒரு வாரம் திட்டு வாங்கினேன்.

தால்சு: பெரியவன் போலீஸ் பரீட்சை எழுதினான் பாரு... வடக்குல சொந்தம் இருக்குன்னு தெரிஞ்சா அவனுக்கு வேலை குடுப்பானா? அதான் வாயை மூடிக்கிட்டேன்.

ஓக்பூன்: அவனுக்கே தலை நரைச்சாச்சு. இன்னுமா பரீட்சை எழுதுறான்?

தால்சு: மூடின வாய் மூடினதாவே பழகிப் போச்சு.

ஓக்பூன்: அது மட்டும் இல்ல. சுன்னே யாரு?

தால்சு: ...அந்தப் பேரு உனக்கு எப்படித் தெரியும்?

ஓக்பூன்: நீங்கதான் தூக்கத்துல சொல்லுவீங்க. "சுன்னே, காலை நீட்டு, அளவு பாக்கலாம்." ஊர்ல விட்டுட்டு வந்த மூத்த தாரம்னு நெனச்சு எத்தனை தடவை உங்களை உதைச்சிருக்கேன் தெரியுமா?

தால்சு: கொசு அடிச்சேன்னு சொன்னியே.

ஓக்பூன்: கொசுவை யாராவது காலால அடிப்பாங்களா? அப்புறம்தான் யோசிச்சேன். பொண்டாட்டி காலுக்கு அளவு பாத்துச் செருப்பு வாங்கித் தர்ற ஆளா இவருன்னு. சின்னப் புள்ளையாத்தான் இருக்கணும்னு அப்ப புரிஞ்சுது. சொல்லுங்க, யாரு?

தால்சு: தங்கச்சி. பத்து வயசு. அறுவடைத் திருநாளுக்குப் பூப்போட்ட ரப்பர் செருப்பு கேட்டா. சந்தைக்குப் போயிட்டு சாயங்காலம் வந்துர்றேன்னு சொல்லிட்டுப் போனேன். செருப்பு வாங்கியாச்சு. திரும்பி வர்ற வழியில லாரியில ஏத்திட்டாங்க, பட்டாளத்துக்கு. எனக்குப் பதினெட்டு. அந்தச் செருப்பை இடுப்புல கட்டிக்கிட்டே சண்டைக்குப் போனேன். பிடிபட்டப்பவும் இடுப்புலதான் இருந்துச்சு. இங்க வந்தும் இருந்துச்சு.

ஓக்பூன்: அப்புறம் என்னாச்சு?

தால்சு: இந்தக் கம்பி வேலியைப் பாரு. அந்தப் பக்கம் ஊர்க்காரங்க கொழுக்கட்டை, மீன் எல்லாம் கொண்டு வருவாங்க. நாங்க போர்வையைக் குடுப்போம், சட்டையைக் குடுப்போம். ஒரு நாள் எங்கிட்ட போர்வையும் இல்ல, சட்டையும் இல்ல. குளிர் வேற. நாலு அரிசிக் கொழுக்கட்டைக்கு... குடுத்துட்டேன் ஓக்பூன். ரெண்டு செருப்பையும். இதே வேலியில நின்னு தின்னேன், தின்னுட்டு அழுதேன். பாலத்தைத் தாண்டாதது இதுக்குத்தான். பையன் வேலைன்னு சொன்னது பாதிதான் நிஜம். தேடினா கிடைச்சுருவாளோன்னு பயம். கிடைச்சு, "அண்ணா, என் செருப்பு எங்க?"ன்னு கேட்டுட்டா...

ஓக்பூன்: பையைத் தொறங்க.

தால்சு: இப்பப் பசிக்கல.

ஓக்பூன்: சோறு அடியில இருக்கு. மேலயே ஒரு கவர் இருக்கும், அதை எடுங்க.

தால்சு: ...செஞ்சிலுவைச் சங்கம். என் பேருக்கு வந்திருக்கு.

ஓக்பூன்: பிரிஞ்சு போன குடும்பங்களைச் சந்திக்க வைக்கிறாங்கல்ல? மூணு வருஷத்துக்கு முன்னாடி மனுப் போட்டேன். இப்பத்தான் குலுக்கல்ல பேர் விழுந்துச்சு.

தால்சு: நான் எதுலயும் கையெழுத்துப் போடலையே.

ஓக்பூன்: உங்க பேர் முத்திரை கல்யாணமான நாள்ல இருந்து என் டிராயர்லதானே கிடக்குது? ஒரு குத்து, அவ்வளவுதான். படிங்க.

தால்சு: உள்ள எழுத்து பொடிசா இருக்கு.

ஓக்பூன்: கண்ணாடியை வீட்டுல விட்டுட்டு வந்தா அப்படித்தான். குடுங்க இப்படி. குடுக்காட்டியும் பரவால்ல, நாலு நாளா படிச்சு எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. "தங்கை சுன்னே, வயது அறுபத்திரண்டு, ஹோங்வோன். உயிருடன் இருக்கிறார்."

தால்சு: இன்னொரு தடவை சொல்லு.

ஓக்பூன்: உயிருடன் இருக்கிறார்.

தால்சு: ...அறுபத்திரண்டா? சுன்னேவுக்கா?

ஓக்பூன்: உங்களுக்கு மட்டும்தான் வயசாகணுமா? அடுத்த மாசம் பதினாறாம் தேதி, வடக்குல இருக்கிற வைரமலையில சந்திப்பு. வர்றீங்களா இல்லையான்னு இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள சொல்லணும். உங்க வாயால ஊர்ப் பேர் வராம அனுப்பி வச்சா, அங்க போயும் காங்னுங்னு சாதிச்சுட்டு உக்காந்திருப்பீங்க. அதான் இங்க இழுத்துட்டு வந்தேன். மணி நாலேகால்.

தால்சு: வர்றேன்னு சொல்லு. வாசல்கிட்ட ஒரு போன் கூண்டு பாத்தேன். வா, வேகமா வா. போன் பண்ணிட்டு அந்தப் பலகையில மூஞ்சியை விடறேன், நீ படம் எடு, அவகிட்டக் காட்டணும். முட்டி வலிக்குதுன்னு சாக்குச் சொல்லாத, ஓடு... ஓக்பூன், கொஞ்சம் இரு. செருப்பை அவ கேப்பாளே. நிச்சயம் கேப்பா. அவ எதையும் மறக்கமாட்டா.

ஓக்பூன்: கவர் இருந்த இடத்துல துணி சுத்தி ஒண்ணு இருக்கும், பிரிங்க.

தால்சு: ...பூப்போட்டது. ரெண்டு ஜோடியா?

ஓக்பூன்: ஒண்ணு பத்து வயசுக் காலுக்கு, ஒண்ணு அறுபத்திரண்டு வயசுக் காலுக்கு. ரெண்டையும் அவ கையில குடுத்துட்டு, சந்தையில கூட்டம், அதான் லேட்டாயிடுச்சுன்னு சொல்லுங்க.