வெந்நீரில் அழிந்த மூன்றாவது வரி

மஹ்ஜூபா, வயது 71, கணவர் பெயர் புஷைப் (காலஞ்சென்றவர்), மீன்துறைப் பின்தெரு, அல் ஜதீதா, மொராக்கோ. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். காவல் ஆய்வாளர் விசாரித்தபோது சொன்னது:

நான் மேற்படி முகவரியில் குடியிருந்து வருகிறேன். எங்கள் தெருவில் இறந்துபோகும் பெண்களைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி அடக்கத்துக்கு அனுப்புவது என் வேலை. இறந்த வியாம் என் மகள் வயிற்றுப் பேத்தி. தாயில்லாத அவளை நான்தான் வளர்த்துப் படிக்க வைத்தேன். எங்கள் பக்கத்தில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிய பெண் அவள் ஒருத்திதான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் கடற்பாசியிலிருந்து ஒரு ஜெல் செய்து குளிரறையில் அடுக்கி வைப்பார்கள். அது சூடு பட்டால் விரல் மாதிரி தானே மடங்கி நிமிரும். கைச்சூட்டில் இளக்கி நகத்தால் எழுதிக் குளிர வைத்தால் எழுத்து அப்படியே நிற்கும். வெந்நீர் பட்டால் அழிந்து பழையபடி வழவழப்பாகிவிடும். மண்ணில் போட்டால் மக்கிவிடும் என்று சொல்லித்தான் வெளிநாட்டாருக்கு விற்க இருந்தார்கள். ஒருநாள் வியாம் ஒரு துண்டில் என் பெயரை எழுதிக் காட்டி, என் டீ கிளாஸிலேயே போட்டு அழித்தாள்.

"பாத்தியா உம்மம்மா, உன்ன மாதிரியேதான். குளிர்ல முறைச்சுக்கிட்டு நிக்கும், சூடா டீ பட்டா எல்லாத்தையும் மறந்துடும்."

"என் டீயில பாசியப் போட்டுட்டு வாய் வேறயாடி உனக்கு" என்றேன்.

அதன் பிறகு, மேலாளர் அனுவார் புதுச் சரக்கில் மலிவாக ஏதோ கலக்கச் சொல்கிறார், இது மக்காது என்று சொல்லி, சில துண்டுகளை எங்கள் முற்றத்துப் புதினாப் பாத்தியில் புதைத்தாள். நோன்பு மாதம் கழிந்து தோண்டியபோது போட்டது போட்டபடி இருந்தது, மறுபடி அங்கேயே மூடி வைத்தாள். வாங்குகிறவர்கள் வரும் அன்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன் என்றாள். அவர்கள் வர இருந்த வியாழக்கிழமை வேலைக்குப் போனவள் திரும்பவில்லை.

மறுநாள் காலை, குளிரறையில் கிடந்தாள் என்று கொண்டுவந்தார்கள். மாரடைப்பு என்று மருத்துவர் சீட்டு இருந்தது. அனுவாரும் வந்து, "கதவு உள்ளேருந்தே திறக்கும்மா. எப்படி நடந்துச்சுன்னே தெரியல" என்று அழுதார். ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்பதால் நானும் பக்கத்து வீட்டு ஹனியாவும் உடனே குளிப்பாட்ட உட்கார்ந்தோம். ஹனியாவுக்குப் படிக்கத் தெரியாது. வியாமின் வலது கை இறுக மூடியிருந்தது. மையத்துக்கும், இறந்த உடம்புக்கும்கூட, வலிக்கும் என்பதால் விறைத்த விரலை நாங்கள் பலவந்தமாகப் பிரிப்பதில்லை, வெந்நீர் ஊற்றி ஊற்றித்தான் இளக்குவோம். அப்படியே ஊற்றினேன். விரல்கள் விரிந்தன. உள்ளங்கையில் ஜெல் துண்டு இருந்தது, அதில் நகத்தால் எழுதியிருந்தது.

முதல் வரி, உள்ளே கைப்பிடி இல்லை. இரண்டாவது வரி, தட்டினேன், அனுவார் பொறு என்றார். மூன்றாவது வரி உம்மம்மா என்று தொடங்கியது. அதற்குள் எழுத்து மேலே எழும்பிச் சமமாகிவிட்டது. நான் ஊற்றிய தண்ணீர்தான்.

"என்னக்கா அது?" என்று ஹனியா கேட்டாள். நான் துண்டை மடியில் முடிந்துகொண்டு முறைப்படி எல்லாவற்றையும் முடித்தேன்.

அந்தத் துண்டைத் தங்களிடம் ஒப்படைத்திருக்கிறேன். அதில் இப்போது ஒன்றும் இல்லை. குளிரறைக் கதவின் உள்பக்கக் கைப்பிடியை எப்போது மாட்டினார்கள் என்று விசாரியுங்கள். புதினாப் பாத்தியையும் தோண்டிப் பாருங்கள்.

ஐந்தாம் வகுப்புக் கிழவி துக்கத்தில் எதையோ பார்த்திருக்கும் என்று அனுவாரின் வக்கீல் சொன்னதாகத் தெரிவித்தீர்கள். மூன்றாவது வரியில் மிச்சம் என்ன இருந்தது என்றும் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. பொய் சொல்ல வந்தவளாக இருந்தால் அந்த வரியைத்தான் முதலில் இட்டுக்கட்டியிருப்பேன்.

இதை யாரும் எனக்கு வாசித்துக் காட்டவில்லை, நானே படித்துப் பார்த்தேன். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னது அத்தனையும் உண்மை. கைநாட்டு மையை எடுத்து வைத்துவிடுங்கள்.

(ஒப்பம்) மஹ்ஜூபா