சண்டை நின்ற வைகாசி

பிள்ளையார்பாளையத்தில் சண்டை போடாத புருஷன் பெண்டாட்டியை நான் பார்த்ததில்லை, ஐயா. நானும் ஏலவார்குழலியும் கொஞ்சம் கூடுதலாகப் போடுவோம், அவ்வளவுதான்.

கல்யாணமான புதிதில் அவள் நன்றாகச் சண்டை போடுவாள். நான் கை நீட்டினால் தட்டை வீசுவாள், அழுவாள், பக்கத்து வீட்டு லோகாம்பாளிடம் போய் என்னைத் திட்டுவாள். சாயங்காலம் எனக்குப் பிடித்த காரக்குழம்பு வைத்துவிட்டு, "நீ மாறிடுவய்யா, எனக்குத் தெரியும்" என்பாள். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். அவள் அப்படிச் சொல்கிறவரை மாறுவதற்கு அவசரமும் இல்லை.

இந்த வைகாசியில் சண்டையை நிறுத்திவிட்டாள். அன்று காலை நான் அடித்ததில் உதடு கிழிந்திருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து புடவைகளை மடித்துப் பையில் வைத்தாள். குரலில் கோபமே இல்லை.

"உங்கிட்ட சண்டை போடறதுக்கு இனிமே ஒண்ணுமில்ல. மாகறலுக்கு, எங்கம்மா ஊட்டுக்குப் போறேன்."

ஒருத்தர் நம்பிக்கையை விட்டால் மற்றவராவது பிடித்துக்கொள்ள வேண்டும் இல்லையா? பட்டு நூல் வைக்கிற உள்ளறைக்கு அவள் இன்னொரு புடவை எடுக்கப் போனபோது கதவைச் சாத்திப் பூட்டினேன். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது.

பொழுது சாயும்வரை கதவைத் தட்டினாள். என்னையும் என் வம்சத்தையும் திட்டினாள். பழைய குழலி திரும்பி வந்துவிட்டாள் என்று எனக்குச் சந்தோஷம்.

"என்னோட இருக்கேன்னு சொல்லு, தொறக்கிறேன்" என்றேன்.

சொல்லவில்லை. நான் தறியில் உட்கார்ந்தேன். தெருவெல்லாம் தறிச்சத்தம், வெளியே எதுவும் கேட்காது.

லோகாம்பாள் வாசலில் நின்று, "வீரபாகு, குழலி எங்கப்பா, கண்ணுலயே காணோம்?" என்றாள்.

"அம்மா ஊட்டுக்குப் போயிருக்குது."

மறுநாள் உள்ளேயிருந்து குழலி, "இருக்கேன்யா, தண்ணி குடு" என்றாள். அதில் மனசு இல்லை. தாகத்துக்குச் சொல்கிற வார்த்தையை நம்பி எப்படிக் குடும்பம் நடத்துவது? மனசாரச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் அவள் பேசவில்லை. யோசிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள், கருடசேவைக்கு எங்களைக் கூட்டிப்போக அவள் அண்ணன் குப்புசாமி மாகறலிலிருந்து வந்தான். "தங்கச்சி எங்க மாப்ள?" என்றான். அவனிடம் அம்மா வீட்டுக்குப் போனாள் என்று சொல்ல முடியாது. பூட்டைப் பார்த்தான். கதவை உடைத்தது அவன்தான்.

பூட்டியது நான். தண்ணீர் கொடுக்காததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவன் வந்தபோதுகூட நான் அந்தக் கதவோரமாகத்தான் உட்கார்ந்திருந்தேன், ஐயா. எந்தச் சண்டையானாலும் அவள்தான் முதலில் பேசுவாள்.