சந்தனம் மட்டும்

அக்காவின் கடையில் கண்ணாடிகள் எப்போதும் பளிச்சென்று இருக்கும். அந்தப் பாராட்டை முதலில் கொடுத்துவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் சேர்.

கண்டி நகரில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் என் கூடப்பிறந்த புஷ்பம் அக்கா மணப்பெண் அலங்காரக் கடை வைத்திருந்தாள். பன்வில, ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டங்களிலிருந்து பெண்கள் கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பே வந்து, பெயர் ஒட்டாத வெள்ளை டப்பா ஒன்றை வாங்கிப் போவார்கள். கல்யாணப் பட அல்பம் நன்றாக வரவேண்டும். கொழுந்து பறித்த கை கறுப்பு, முகம் சுண்ணாம்பு, கழுத்தில் ஓர் எல்லைக்கோடு. அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டுவார்கள்.

நான் விஞ்ஞான ஆசிரியர். அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தக் கிரீமில் வெளுக்க வைப்பது பாதரச உப்பு. தோல் கறுப்பதை அது தடுக்கும். தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நேரத்தோடு நிறுத்தி வைத்தியம் செய்தால் பலர் பிழைத்துக்கொள்வார்கள். அக்காவுக்கு இதில் முதல் பாதி மட்டும் தெரியும். மூலிகை என்று சொல்லித்தான் வாளியில் கலக்குவாள்.

என் மனைவி யோகமலர் கறுப்பு.

"படிச்ச தம்பிக்கு இப்பிடியா? வா புள்ள, மூணு மாசத்துல ஆளையே மாத்திர்றேன்" என்றாள் அக்கா. டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்.

நான்காம் மாதம் மலரின் முகமும் காலும் வீங்கின. எங்கள் ஆட்களுக்கு வீக்கம் என்றால் செழிப்பு.

"என்னா தம்பி, மலரு ஒடம்பு வச்சிருச்சு? விசேஷமா?"

அக்கா சிரித்தாள். மலர் வெட்கப்பட்டாள். அம்மன் கோயிலில் தேங்காய்கூட உடைத்தாள். ஏழு வாரத்தில் செத்தாள். வயிற்றில் பிள்ளை இல்லை.

அக்கா நன்றாகவே அழுதாள். பதினாறாம் நாள் முடிந்த கையோடு, "சும்மா ஒக்காந்திருந்தா மனசு கெட்டுரும் தம்பி. லீவு நாள்ல வந்து கிரீம் கலந்து குடேன்" என்றாள்.

போனேன். வாடிக்கைக்காரர்களின் வாளியில் நான் எதையும் கூட்டவில்லை. அவர்களுக்கு அக்கா போட்டதே போதும். அக்காவுக்கு மட்டும் தனியாக ஒரு டப்பா செய்தேன். அதில் என்ன இருந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

"இதுதாண்டா படிச்சவன் கை" என்று கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஐந்து மாதத்தில் வளையல் கையில் ஏறவில்லை. "இந்த வயசுல சதை போடுது பாரு" என்று அதற்கும் பெருமைப்பட்டாள்.

ஆஸ்பத்திரியில் இருந்த யாழ்ப்பாணத்து டொக்டர் கெட்டிக்காரி. என்னை வெளியே கூப்பிட்டார்.

"இவா முகத்துக்கு என்ன பூசுறவா? தெரிஞ்சாத்தான் மருந்து குடுக்கலாம். ஒளிக்காமச் சொல்லுங்கோ."

"சந்தனம் மட்டுந்தாங்க, டொக்டர்."

அக்கா பன்னிரண்டு நாள் இருந்தாள். பார்க்க வருகிறவர்கள் முன்னால் முகம் வாடக்கூடாது என்று டப்பாவை அவளே கேட்டாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை இறந்தாள். நான்தான் கொன்றேன்.

மலருக்காகச் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். மலரைக் கொன்றது அக்கா. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது மலரின் பழைய ஆஸ்பத்திரி அட்டையை மேசையில் வைக்கிறீர்கள். 'சந்தனம் மட்டும், கணவர் கூறியது' என்று அதில் இருக்கிறது. ஆமாம். அன்று வேறு டொக்டர், அதே கேள்வி. அதற்கு முந்தின நாள்தான் அவளுடைய கிரீமைப் பாடசாலை ஆய்வுகூடத்தில் பரிசோதித்துப் பாதரசம் இருப்பதைக் கண்டிருந்தேன். ஆனால் விஞ்ஞான ஆசிரியரின் மனைவி அதைப் பூசினாள் என்று எழுத விடுவதா? அவளிடமும் சொல்லவில்லை. கடைசிவரை தலையணைக்கடியில் வைத்துப் பூசிக்கொண்டிருந்தாள்.

மனிதனுக்குக் கொஞ்சம் மானம் இருக்கும், சேர். அதை இந்த வழக்கோடு சேர்க்காதீர்கள்.