ஒன்பதாம் நம்பருக்கு ஓய்வு

டீ வேண்டாம், சார். எனக்குச் சர்க்கரை. தண்ணீர் மட்டும் போதும். மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை.

நான் ஸ்டேஷனுக்கு வந்தது பாதுகாப்புக் கேட்டு. ஜமீல் அகமது என் வீட்டுக்கு எதிர் டீக்கடை பெஞ்சில் மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறான். தன் மெக்கானிக் ஷெட்டைத் திறப்பதில்லை. திட்டவில்லை, கல்லெறியவில்லை. என் கதவையே பார்க்கிறான். திட்டினால் புகார் எழுதிக் கொடுக்கலாம். பார்ப்பதற்கு எந்த செக்‌ஷன் என்று எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்கத்தான் வந்தேன். நீங்கள் முதலிலிருந்து சொல்லச் சொல்கிறீர்கள். சொல்கிறேன்.

பெயர் சந்திரமோகன். பள்ளியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். தணிகை இளைஞர் ஹாக்கிக் கழகத்துக்கு முப்பத்தோரு வருஷமாகச் செயலாளர். இளைஞர் கழகம் என்று பெயர்; எங்கள் தலைவர் சிவப்பிரகாசத்துக்கு அறுபத்தெட்டு வயது. கல்யாண மண்டபம் வைத்திருக்கிறார். ஹாக்கி மட்டையை ஒரே ஒருமுறை பிடித்திருக்கிறார், போட்டோவுக்காக. தலைகீழாகப் பிடித்திருந்தார். அந்தப் போட்டோதான் கழக வாசலில் இருக்கிறது.

பச்சையப்பனைத் திருத்தணியில் தெரியாதவர்கள் கிடையாது. கே.ஜி.கண்டிகைக்காரன். ஒன்பதாம் நம்பர் பனியன் போட்டு அவன் ஆடிய நாட்களில் பந்து அவன் மட்டையை விட்டுப் பிரியாது. பிற்பாடு வேறு மாதிரிப் பெயர் எடுத்தான். குடி. ஒரு மேட்சில் அம்பயரின் தாடையை உடைத்தான். மட்டைகளை விற்றான். மனைவி வசந்தி பொதட்டூர்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போய்த் தறியில் உட்கார்ந்தாள். பதினாலு மாதம் முன்பு ஜமீல் அவனை அரக்கோணத்தில் சிகிச்சைக்குச் சேர்த்தான். ஜமீல் எங்கள் பழைய கோல்கீப்பர். சிகிச்சை முடிந்ததும் தன் ஷெட்டிலேயே வேலை கொடுத்தான். அதன் பிறகு பச்சையப்பன் ஒரு சொட்டுத் தொடவில்லை. வசந்தியும் திரும்பி வந்துவிட்டாள்.

கமிட்டியில் ஜமீல்தான் பேச்செடுத்தான். ஒன்பதாம் நம்பரை இனி யாரும் போடக்கூடாது, அது பச்சையப்பனோடு ஓய்வு பெறட்டும், பனியனைக் கண்ணாடி போட்டுக் கழகத்தில் மாட்ட வேண்டும் என்றான்.

“நம்பருக்கு ரிட்டயர்மென்ட்டா? அப்ப பென்ஷனும் குடுக்கணுமா, பாய்?” என்றார் ஒருவர்.

“குடிச்சிட்டு அம்பயர் தாடையப் பேத்தவன் அவன்” என்றார் தலைவர். “அவன் பனியன மாட்டுனா நம்ம பசங்க இன்னாத்த கத்துக்குவானுங்க?”

“கோல் போடக் கத்துக்குவானுங்க, தலைவரே. நீங்க தலைவரானதுலேர்ந்து நம்ம டீமு எத்தினி கோல் போட்டுக்கீது, சொல்லுங்க பாப்போம்?” என்றான் ஜமீல்.

தகுதி உண்டா, இல்லையா என்று இரண்டு மணி நேரம் பேசினார்கள். அதில் ஹாக்கி தெரிந்தவன் ஜமீல் ஒருவன்தான். நான் பச்சையப்பனுக்கு ஆதரவாகப் பேசினேன். தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது, பார்க்கலாம். கண்ணாடிச் சட்டத்தின் அடியில் பித்தளைத் தகட்டில் தலைவர் பெயரைப் பொறிக்கலாம் என்று நான் சொன்ன பிறகு தலைவருக்கும் பச்சையப்பனின் தகுதி புலப்பட்டது. ஃப்ளெக்ஸ் அடித்தார்கள். தலைவர் முகம் ஆளுயரம். பச்சையப்பன் மூலையில், தபால்தலை அளவு.

அசல் பனியனை அவன் எப்போதோ தொலைத்துவிட்டான். பொதட்டூர்பேட்டையில் புதிதாக ஒன்று தைத்து, பழசாகத் தெரிய வேண்டுமென்று கல்லில் நாலு நாள் அடித்துத் துவைத்தோம்.

இதுவரை எனக்கு எந்த மனக்கிலேசமும் இல்லை, சார். அடுத்த வாரம் பச்சையப்பன் என் வீட்டுக்கு வந்தான். முகம் மழித்து, சட்டையை உள்ளே விட்டிருந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“சார், மெட்ராஸ்ல பழைய கோச் ஒருத்தரப் பாத்தேன். தொண்ணூத்தேழுல என்னிய ஜூனியர் இண்டியா கேம்புக்குக் கூப்ட்டாங்களாம். ‘இன்னாத்துக்குடா வரல’ன்னு கேக்கறாரு. லெட்டர் போட்டாங்களாமே, கழகத்து அட்ரஸுக்கு?”

ஆட்டக்காரர்களின் கடிதமெல்லாம் அப்போது செயலாளர் பெயருக்குத்தான் வரும். அவன் வீட்டுக்குக் கதவு எண் கிடையாது. தபாலில் தவறியிருக்கும் என்றேன்.

“ஆங், இருக்கும் சார்” என்றான். என்மேல் அவனுக்குத் துளி சந்தேகம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. “அப்ப இருந்த போஸ்ட்மேன் இன்னும் ஜோராக்கீறாரு சார். அவரையும் மேடைக்குக் கூப்புடணும். எனக்கு அஞ்சு நிமிசம் மைக்கு குடுங்க. நான் செலக்ட் ஆனேன்னு ஊரு மின்னாடி என் வாயால சொல்லணும். வசந்திக்கே தெரியாது சார்.”

அவன் போனதும் கதவைத் தாழிட்டேன். பட்டப்பகலில் என் தெருவில் யாரும் தாழிடுவதில்லை.

அந்தத் தபால்காரர் கடிதத்தை என் கையில்தான் கொடுத்தார். “டெல்லிலேர்ந்து வந்துகீது சார், உங்க ஹாக்கிப் பையனுக்கு” என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். எனக்கு ஞாபகம் இருக்கிறது என்றால் அவருக்கும் இருக்கும். அதன் பிறகு வெளியே சைக்கிள் பெல் அடித்தாலே எழுந்து போய்த் தாழ்ப்பாளைச் சரிபார்த்தேன். இருபத்தெட்டு வருஷம் எனக்கு இந்தப் பயம் இல்லை. குடிகாரன் மேடையில் என்ன சொன்னாலும் ஊர் சிரிக்கும். குடிக்காதவன் சொன்னால் ஊர் கேட்கும். கமிட்டியில் எல்லாரும் அவன் குடித்துவிட்டு வந்துவிடுவானோ என்று பயந்தார்கள். குடிக்காமல் வந்துவிடுவானே என்று நான் பயந்தேன்.

கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை வந்தது. சனிக்கிழமை பெங்களூரில் ஆஜராக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு மாவட்ட இறுதிப் போட்டி. ஒன்பதாம் நம்பர் இல்லாமல் நாங்கள் ஜெயிக்க முடியாது. திங்கட்கிழமை கொடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தேன். கழகத்தின் செயலாளர் கழகத்தைத்தானே முதலில் பார்க்க வேண்டும்? மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். மூன்றும் அவன் போட்டது. பேண்டு வாத்தியத்தோடு மலையடிவாரம் வரை ஊர்வலம் போனோம். அந்தக் கோப்பை இன்னும் இருக்கிறது, ஒரு காது மட்டும் இல்லை.

திங்கட்கிழமை பார்த்தால் கடிதம் காலாவதியாகிவிட்டது. காலாவதியான கடிதத்தை எந்த முகத்தோடு கொடுப்பது? ஃபைலில் வைத்தேன். தேர்வு ஆட்டம் ஆடிவிட்டு வந்திருந்தவன், இரண்டு மாதம் தினமும் வந்து, “லெட்டர் வந்துச்சா சார்?” என்று கேட்டான். இல்லை என்றேன். இன்று வந்ததா என்று கேட்பவனுக்கு அது உண்மையான பதில்தான். அந்த வருஷக் கடைசியில் அவன் குடிக்க ஆரம்பித்தான். அதற்கு நான் பொறுப்பல்ல. எத்தனையோ பேர் தேர்வாகவில்லை, எல்லாருமா குடித்தார்கள்?

இந்த வருஷம் பங்குனியில் கழகத்தின் சார்பில் இலவச இதயப் பரிசோதனை முகாம் நடத்தினோம். அறுபத்திரண்டு பேர் வந்தார்கள். ரிப்போர்ட்டுகள் கட்டாக என் பெயருக்கு வந்தன. பழைய வழக்கம். வெயிலில் வண்டியில் சுற்றி வீடு வீடாக நானே கொடுத்தேன். யாரும் குறை சொல்ல முடியாது. அறுபத்தோரு வீட்டில் கொடுத்தேன்.

பச்சையப்பனின் இதயம் வீங்கி, பாதி பலம்தான் இருந்ததாம். படி ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள். ஐந்து நாள் அதை வைத்துக்கொண்டு யோசித்தேன். யோசிக்காமல் எதையும் செய்கிறவன் அல்ல நான்.

ஆறாம் நாள் கமிட்டியில் ஒரு யோசனை சொன்னேன். நம்பருக்கு ஓய்வு என்பது வெளிநாட்டுப் பழக்கம். நம் ஊருக்கு ஏற்றபடி செய்தால் என்ன? வருஷக் கடைசியில் படித்திருவிழாவில் முந்நூற்று அறுபத்தைந்து படிக்கும் பூசை நடக்கிறதே, அதே மாதிரி பச்சையப்பன் பனியன் சட்டத்தைத் தலையில் சுமந்து, படிக்குப் படி நின்று கற்பூரம் ஏற்றி மலை ஏறட்டும். சுவாமி பார்வையில் வைத்து எடுத்து வந்து, சாயந்திரம் மேடை.

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. “செகரட்டரி, இது பேப்பர்ல வரும்” என்றார். பேப்பரில் வர வேண்டுமானால் சட்டம் பெரிதாக இருக்க வேண்டும் என்று தேக்கில் செய்யச் சொன்னார். கண்ணாடியோடு பதினாலு கிலோ. சித்திரை மாதம், பகல் பதினொரு மணி. நேரம் மட்டும் நான் குறித்தது.

பச்சையப்பன் உடனே ஒப்புக்கொண்டான். “முருகனுக்கு நான் பாக்கி வச்சிருக்கற வேண்டுதல் சார், இது” என்றான்.

விழா மலருக்குப் பழைய போட்டோ வேண்டும் என்று ஜமீல் ஃபைல் பீரோவின் சாவி கேட்டான். பீரோவில்தான் டெல்லிக் கடிதமும் இதய ரிப்போர்ட்டும் இருந்தன. கிழிக்க எனக்குக் கை வராது. எழுத்தர் வேலை பார்த்தவனுக்கு ஒரு காகிதத்தைக் கிழிப்பது விரலைக் கிழிப்பது மாதிரி. சட்டம் அப்போது ஆணி அடிப்பதற்காக என் வீட்டில் இருந்தது. பனியனுக்குப் பின்னால் இரண்டையும் வைத்துப் பலகையை மூடினேன். மாட்டிய பிறகு அதை யார் திறக்கப் போகிறார்கள்?

விழா அன்று தலைவர் காரில் மலைப்பாதை வழியாக மேலே போய், குடை நிழலில் ஆளுயர மாலையோடு காத்திருந்தார். பச்சையப்பன் வெறுங்காலோடு ஏறினான். வசந்தி கற்பூரத்தட்டு, ஜமீல் தண்ணீர் பாட்டில், நான் படிக்கணக்கு. நூறாம் படி வரை சிரித்துக்கொண்டே வந்தான். நூற்றைம்பதில் உதடு வெளுத்தது.

“கொஞ்சம் குந்துய்யா” என்றாள் வசந்தி.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். “சார், கேம்ப்ல எடுத்த ரிப்போர்ட்டு இன்னா ஆச்சு? மூச்சு வாங்குது.”

“வந்துது பச்சையப்பா. எல்லாம் நார்மல். உனக்கு ஒண்ணும் இல்ல. சாயந்திரம் மைக்குல பேசணும் இல்ல? ஏறு.”

“சார் சொல்றாரு இல்ல” என்றான் வசந்தியிடம். அந்த ரிப்போர்ட் அப்போது அவன் தலைமேல் இருந்தது.

இருநூற்றுப் பதினெட்டாம் படியில் விழுந்தான். கற்பூரம் அதற்கு முன்பே அணைந்துவிட்டது. கண்ணாடி நொறுங்கி, பலகை தெறித்து, இரண்டு காகிதமும் படியில் விழுந்தன. வசந்தி அவன் தலையை மடியில் எடுத்தாள். நானும் உடனே குனிந்தேன், சார். காகிதத்தை எடுக்கத்தான் முதலில் குனிந்தேன். அதை அவள் பார்த்துவிட்டாள். நான் எட்டுவதற்குள் ஜமீலின் கை முந்திவிட்டது. பழைய கோல்கீப்பர். எழுத்துக்கூட்டி இரண்டையும் படித்தான். ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“இது ரெண்டும் எப்ப சார் வந்துச்சு?”

நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலுக்காகத்தான் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைக்கிறேன்.

அடிவாரம் வருவதற்குள் பச்சையப்பன் போய்விட்டான். தலைவர் வைத்திருந்த மாலை வீணாகவில்லை. ஃப்ளெக்ஸும் வீணாகவில்லை; பாராட்டு விழா என்ற வரியின் மேல் கண்ணீர் அஞ்சலி என்று ஒட்டினார்கள். ஒன்பதாம் நம்பருக்கு ஓய்வு என்ற தீர்மானம் அன்று சாயந்திரமே மறுபடி எழுதப்பட்டது, இந்த முறை ஏகமனதாக. பென்ஷன் கேட்டவர்தான் முன்மொழிந்தார். உயிரோடு இருந்தவரை அவன் தகுதியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் அந்தப் பேச்சை முடித்து வைத்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள், சார். தெரிந்துதான் ஏற்றினேன். பதினாலு கிலோவும் தெரியும், வெயிலும் தெரியும், ரிப்போர்ட்டும் தெரியும். ஏறு என்று சொன்னது நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். வெளியே மட்டும் தனியாக அனுப்ப வேண்டாம். ஜன்னல் வழியாகப் பாருங்கள், அந்த ஆல்டோ கார் பக்கத்தில் நிற்பது ஜமீல்தானே?

அந்தக் காகிதங்களை ஏன் எரிக்கவில்லை என்று கேட்கிறீர்கள். எரித்திருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன், உண்மைதான். ஆனால் பச்சையப்பன் இந்தியா கேம்புக்குத் தேர்வானான் என்பதற்கு இந்த உலகத்தில் வேறு ஆதாரம் கிடையாது. அந்தக் கடிதத்தை இருபத்தெட்டு வருஷம் கசங்காமல், கரையான் அரிக்காமல் வைத்திருந்தது யார்? கமிட்டியில் ஆளாளுக்குத் தகுதி, தகுதி என்று கத்தினார்களே, அந்த ஒன்பதாம் நம்பருக்கு அவன் தகுதியானவன் என்று ஊரிலேயே முதலில் தெரிந்தவன் நான்தான், சார்.