எலுமிச்சம்பழத்துக்காக எடுத்த கட்டை

என் பெயர் மருதப்பன், தகப்பனார் பெயர் செல்லையா. வயது 67. சிங்கப்பூர் பஃபலோ ரோட்டில் குடியிருக்கிறேன். முன்பு லாரி ஓட்டினேன். இப்போது சேக் தாவூதின் பட்டறையில் உட்கார்ந்து வருவோர் போவோரைக் கேலி செய்வதைத் தவிர எனக்கு வேலை இல்லை.

1966 மார்ச் மாதம் கான்ட்ராக்டர் சுப்பிரமணியம் தம் பழைய ஆஸ்டின் காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, பின்சக்கரத்து டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு, இடிபட்ட வேறொரு காரின் முன்சக்கர டிஸ்க் பிரேக்கை அங்கே மாட்டச் சொன்னார். மாட்டிய பிறகு, ஹேண்ட்பிரேக் கேபிள் டிரம்மோடு போய்விட்டதென்றும், வேறு செய்ய ஒரு வாரம் வேண்டுமென்றும் தாவூது சொன்னார். வெள்ளிக்கிழமை கார் பூஜைக்கு நாள் குறித்தாயிற்று என்று சுப்பிரமணியம் கேட்கவில்லை. அப்போது நான், "ஓடுற வண்டிய நிறுத்த பிரேக் வாங்கிட்டு, நின்ன வண்டி நிக்கிறதுக்கு இருந்தத கழட்டிட்டீங்களே லா," என்றேன். அவர் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மவுண்ட் எமிலி மேட்டில் சுப்பிரமணியத்தின் வீட்டு வாசலில் காரை விட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, "ஹேண்ட்பிரேக் இல்ல, கட்டைய எடுக்காதீங்க சார்," என்று தாவூது, கூடப் போயிருந்த என் எதிரிலேயே அவரிடம் சொல்லிவிட்டு, குழாயில் கை கழுவப் போனார். அதன் பிறகு சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க இடம் போதவில்லை என்று சுப்பிரமணியமே கட்டையைக் காலால் தள்ளினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, கியர் போடவில்லை. கார் பின்னால் உருண்டு, கற்பூரத் தட்டோடு நின்ற வேலைக்காரி பூவம்மாவை மதிலோடு சேர்த்து நசுக்கியது. நானும் தாவூதும் காரைத் தள்ளினோம். பூவம்மாவின் கால் முறிந்து எலும்பு வெளியே தெரிந்தது. சுப்பிரமணியமோ குனிந்து பம்பரை வேட்டித் தலைப்பால் துடைத்து, "கீறல் விழுந்துருச்சே," என்றார்.

தாவூது கட்டையை எடுத்ததாக அவர் போலீஸில் புகார் கொடுத்து, தாவூது லாக்கப்பில் இருப்பதை அறிவேன். நேற்று சுப்பிரமணியம் என் அறைக்கு வந்து, "பெரியவரே, நீங்களும் அப்படியே சொல்லிருங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆவாது," என்று ஒரு பிராந்தி பாட்டிலை வைத்துவிட்டுப் போனார். அதை நான் முழுவதும் குடித்துவிட்டேன். கட்டையை எடுத்தது சுப்பிரமணியம்தான்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை.

(ஒப்பம்) செ. மருதப்பன்